நாளுக்குப் பத்து டாலர் சம்பளம், மாதம் 3,850 டாலர் படி: அலபாமா வாக்காளர்கள் திருத்தி எழுதிய கணக்கு

2012 நவம்பர் 6 அன்று அமெரிக்கா முழுக்க ஒபாமாவா ராம்னியா என்று வாக்களித்துக்கொண்டிருந்தது. அலபாமா மாநிலத்தில் அதே வாக்குச்சீட்டின் கீழ்ப்பகுதியில் இன்னொரு கேள்வியும் இருந்தது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு எவ்வளவு சம்பளம் தரலாம், அவர்கள் செய்யும் செலவை எந்த முறையில் திருப்பித் தரலாம், இனி இதையெல்லாம் யார் முடிவு செய்வது என்பதுதான் அது. எட்டாம் திருத்தம் என்று எண்ணிடப்பட்டிருந்தது. அந்தக் கேள்விக்கு விடையளித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் சம்மதம் சொன்னார்கள்.

அன்றைய சீட்டில் மாநிலம் தழுவிய திருத்தங்கள் மட்டுமே பதினொன்று. அவற்றுக்கு நடுவே இது பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் மக்கள் பிரதிநிதிக்கு என்ன கூலி கொடுப்பது என்ற கேள்வியில் அக்கறை உள்ளவர்கள் இந்த ஒரு திருத்தத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்பேன். பல மாநிலங்கள் சம்பளத்தை மட்டும் வாக்காளரிடம் கேட்டுவிட்டு, படிகளைச் சட்டமன்றத்தின் கையிலேயே விட்டுவிடுகின்றன. அலபாமா இரண்டையும் ஒரே கேள்வியில் கட்டியது. அப்படிக் கட்ட வேண்டி வந்ததற்கு ஒரு நூறாண்டுக் கதை இருக்கிறது.

முதலில் ஒரு விளக்கம். சம்பளம் உயர வேண்டுமா என்று வாக்காளரிடமே நேரடியாகக் கேட்கும் வழக்கம் இந்தியாவில் இல்லை. இங்கே பேரவை சட்டம் இயற்றித் தன் சம்பளத்தைத் தானே உயர்த்திக்கொள்கிறது. அமெரிக்காவிலும் எல்லா மாநிலத்திலும் மக்களைக் கேட்பதில்லை. எந்த மாநில அரசியலமைப்புச் சட்டம் சம்பளத் தொகையை எண்ணாகவே எழுதி வைத்திருக்கிறதோ, அங்கே அந்த எண்ணை மாற்ற அரசியலமைப்பையே திருத்த வேண்டும். அதற்குப் பெரும்பாலும் மக்கள் வாக்கு கட்டாயம். அலபாமா அப்படிப்பட்ட மாநிலம்.

அந்த மாநிலத்தின் 1901 அரசியலமைப்பு நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டதல்ல. கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிப்பதற்கென்றே கூடிய மாநாடு அது. மாநாட்டுத் தலைவர் ஜான் நாக்ஸ் வெள்ளையர் ஆதிக்கத்தைச் சட்டப்படி நிலைநாட்டுவதே நோக்கம் என்று தொடக்க உரையிலேயே வெளிப்படையாகச் சொன்னார். ஏழை வெள்ளையர் பலரும், வாக்களிக்க வேண்டுமானால் கட்ட வேண்டிய தலைவரியில் சிக்கி வாக்கிழந்தார்கள். அதே ஆவணம் சட்டமன்றத்தின் மீதும் கடுமையான கட்டுப்பாடுகளை வைத்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் கூட்டம். உறுப்பினருக்கு நாளுக்கு 4 டாலர், தலைநகருக்கு வந்துபோக மைலுக்கு 10 சென்ட். 1940-களில் ஒரு திருத்தம் அந்த 4 டாலரைப் 10 டாலர் ஆக்கியது. அதற்கப்புறம் அந்த எண்ணை யாரும் தொடவில்லை.

தொடவில்லை என்பதற்குக் காரணம் எளிது. தொட வேண்டுமானால் மாநிலம் முழுக்க வாக்கெடுப்புக்குப் போக வேண்டும். “எனக்குச் சம்பளத்தைக் கூட்டுங்கள்” என்று வாக்காளர் முன்னால் போய் நிற்க எந்த அரசியல்வாதிக்கும் துணிச்சல் வராது. அதே சமயம் வேலை வளர்ந்துகொண்டே போனது. நான்காண்டுக் கூட்டம் ஈராண்டுக் கூட்டமாகி, 1970-களில் ஆண்டுதோறும் கூடும் சட்டமன்றமாகவே ஆகிவிட்டது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் 105 நாள் இடைவெளிக்குள் 30 அமர்வு நாள்கள். அதைத் தவிரக் குழுக் கூட்டங்கள், சிறப்புக் கூட்டங்கள், தொகுதி வேலை. மொபைல் நகரத்திலிருந்து தலைநகர் மாண்ட்கோமரிக்கு ஏறத்தாழ 170 மைல். ஒவ்வொரு வாரமும் அந்தத் தூரம் வந்து, விடுதியில் தங்கி, ஓட்டலில் சாப்பிட்டு, நாளுக்குப் பத்து டாலர் வாங்கிக்கொண்டு போ என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். அந்த மட்டில் உறுப்பினர்களின் குறை நியாயமானதே.

அவர்கள் கண்டுபிடித்த வழிதான் பிரச்சினை. அரசியலமைப்பு கட்டிப்போட்டிருந்தது சம்பளத்தைத்தான். செலவுப்படியைப் பற்றிய கட்டு அந்த அளவுக்கு இறுக்கமாக இல்லை. அப்படியானால் சம்பளத்தைத் தொடாமல் படியை உயர்த்திக்கொள்ளலாமே? சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் சேர்ந்து ஒரு கூட்டுத் தீர்மானம் போட்டால் போதும். மக்களைக் கேட்க வேண்டியதில்லை. பல பத்தாண்டுகளாக இப்படியே படி ஏறியது, சம்பளம் அப்படியே கிடந்தது.

2007-இல் இது வெடித்தது. புதிய சட்டமன்றம் பதவியேற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மார்ச் மாதத்தில், கூட்டத்தொடரின் தொடக்கத்திலேயே, ஓர் உறுப்பினரின் மொத்த வரவை 30,700 டாலர் அளவிலிருந்து 49,500 டாலராக உயர்த்தும் தீர்மானம் நிறைவேறியது. ஒரே அடியில் 60 சதவீதத்துக்கும் மேல். அதோடு, இனி ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்பத் தானாக உயரும் என்ற ஏற்பாடும் சேர்ந்தே வந்தது. ஆளுநர் பாப் ரைலி அதை மறுத்துத் திருப்பி அனுப்பினார். அலபாமாவில் ஆளுநரின் மறுப்பை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மையே போதும். முறியடித்தார்கள்.

கீழவையில் அந்தத் தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் போனது. யார் ஆம் சொன்னார், யார் இல்லை சொன்னார் என்று பெயர்வாரியாகப் பதிவு இல்லை. தேர்தல் முடிந்த கையோடு செய்ததால், வாக்காளர் கணக்குக் கேட்க 2010 நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். அலபாமாவில் இரு அவைகளுக்கும் நான்காண்டுப் பதவிக்காலம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தொகையைவிட அது வந்த முறைதான் அதிகம் உறுத்துகிறது. 49,500 டாலர் ஒரு பிரதிநிதிக்கு மிகையான தொகை என்று சொல்ல முடியாது. ஆனால் மக்கள் பணத்தைத் தனக்குத் தானே ஒதுக்கிக்கொள்பவர் குறைந்தபட்சம் தன் பெயரை அதன் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டாமா?

அந்த 49,500-ஐப் பிரித்துப் பார்த்தால் விஷயம் முழுசாகப் புரியும். மாதப்படி 3,850 டாலர், பன்னிரண்டு மாதத்துக்கு 46,200. கூட்டத்தொடர் நடக்கும் 105 நாள் என்பது 15 வாரம். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 50 டாலர் வீதம் தினப்படி 2,250. கடைசியாக, அரசியலமைப்பு சொன்ன அதே பத்து டாலர், 105 நாளுக்கு 1,050. கூட்டினால் சரியாக 49,500 வரும். அதாவது வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்த சம்பளம் என்பது மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு டாலர். மீதித் தொண்ணூற்றெட்டும் ‘செலவு’. எந்தச் செலவு? ரசீது கேட்கப்படவில்லை. தொகுதி அலுவலகத்துக்கு வாடகை கொடுத்தவருக்கும் அதே 3,850, ஒரு காசு செலவழிக்காதவருக்கும் அதே 3,850.

இதைச் சம்பளம் என்று ஒப்புக்கொண்டிருந்தால் மக்களிடம் போக வேண்டியிருக்கும். படி என்று எழுதியதால் போக வேண்டியதில்லை. ஒரு சட்டம் உண்மையைச் சொல்வதைத் தண்டித்து, மறைப்பதற்கு வழிவிட்டால், காலப்போக்கில் நேர்மையானவர்களும் மறைக்கத்தான் பழகுவார்கள். 2007-க்கு முன்பிருந்த உறுப்பினர்கள் எல்லோரும் கெட்ட எண்ணக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. 1940-களின் பத்து டாலர் 2007-இன் விலைவாசியில் நூறு டாலருக்கும் மேல் வரும். அந்த உயர்வைக்கூட நேர்வழியில் வாங்க முடியாதபடி விதி இருந்தது.

வாக்குச்சீட்டுக்கு வந்த வழி

அலபாமாவில் பொதுமக்கள் கையெழுத்துத் திரட்டி ஒரு கேள்வியை வாக்குச்சீட்டில் ஏற்ற முடியாது. அரசியலமைப்புத் திருத்தத்தைச் சட்டமன்றமே ஒவ்வோர் அவையிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவோடு முன்மொழிய வேண்டும். அப்புறம்தான் மக்கள் வாக்கு. ஆகவே உறுப்பினரின் வருமானத்தைக் கட்டுப்படுத்தும் திருத்தத்தை அதே உறுப்பினர்கள்தான் கொண்டுவர வேண்டும். சாதாரணக் காலத்தில் நடக்காத காரியம்.

நடக்க வைத்தது 2010 தேர்தல். 2007 உயர்வின்போது இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தன. குடியரசுக் கட்சி அந்த உயர்வைத் தேர்தல் மேடையில் ஓயாமல் எடுத்துப் பேசியது. 136 ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக இரு அவைகளையும் பிடித்தது. சம்பள விவகாரம் மட்டுமே அந்த வெற்றிக்குக் காரணம் என்று சொல்வது தவறு. அந்த ஆண்டு நாடு முழுக்க வீசிய அலையும், தென் மாநிலங்களில் நீண்ட காலமாக நடந்துவந்த கட்சி மாற்றமும் பெரிய காரணங்கள். ஆனால் கொடுத்த வாக்கு வாக்குதான். பதவிக்கு வந்தபின் அவர்களும் அதே உயர்த்தப்பட்ட படியை வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்ற கேள்வி எழத் தொடங்கியது. 2012 கூட்டத்தொடரில் அந்தக் கட்சி உறுப்பினர்களான மைக் பால், பிரையன் டெய்லர் போன்றோர் முன்னின்று திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார்கள். நவம்பரில் மக்கள் அதை ஏற்றார்கள்.

திருத்தம் செய்தது என்ன? சம்பளம், படி பற்றிய பழைய ஏற்பாடுகளை மொத்தமாக நீக்கியது. பத்து டாலரும் போயிற்று, மாதப்படியும் போயிற்று. அவற்றுக்குப் பதில் ஒரே ஓர் அடிப்படைச் சம்பளம். அந்தத் தொகையை எண்ணாக எழுதவில்லை என்பதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். மாநிலத்தின் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் எந்தக் குடும்பம் நிற்குமோ, அந்தக் குடும்பத்தின் ஆண்டு வருமானமே உறுப்பினரின் சம்பளம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை வெளியிடும் எண்ணை மாநிலப் பணியாளர் வாரியம் எடுத்துக்கொடுக்கும். ஆண்டுதோறும் ஜனவரியில் அது மாறும்.

சராசரியை எடுக்காமல் நடுக்குடும்பத்தை எடுத்தது முக்கியம். சராசரியில் நாலு கோடீஸ்வரர்கள் ஏறினாலே எண் ஏறிவிடும். நடுவில் நிற்பவரின் வருமானம் அப்படி ஏறாது. நடுவில் நிற்கும் குடும்பங்கள் முன்னேறினால்தான் அது நகரும். சட்டம் இயற்றுகிறவரின் சம்பளம் உயர வேண்டுமானால் சாதாரண வீட்டின் வருமானம் உயர வேண்டும். இந்த ஏற்பாட்டை நான் மனதார ஆதரிக்கிறேன்.

செலவுக்கு வேறு விதி. மாநில அரசு ஊழியர் ஒருவர் வேலை விஷயமாக வெளியூர் போனால் என்ன விகிதத்தில், என்ன முறையில் பயணப்படி, தங்கும்படி பெறுவாரோ, அதே விகிதம், அதே முறை உறுப்பினருக்கும். கையெழுத்திட்ட வவுச்சர் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பணம், கொடுக்காவிட்டால் இல்லை. நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளருக்கும் மேலவை உறுப்பினருக்கும் ஒரே படிவ ஒழுங்கு வந்தது. கடைசியாக ஒரு தடை: சட்டமன்றம் தன் உறுப்பினர்களின் சம்பளத்தையோ படியையோ தானே உயர்த்த முடியாது. திருத்தம் 2014 தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும் என்றும் எழுதப்பட்டது. அமெரிக்க அரசியலமைப்பின் 27-ஆம் திருத்தமும் இதே கருத்துதான்: நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பள மாற்றம் அடுத்த தேர்தல் நடந்த பிறகே செல்லும். 1789-இல் முன்மொழியப்பட்ட அது 1992-இல்தான் நிறைவேறியது. இந்த விஷயத்தில் அவசரப்படாதவர்கள் அலபாமாக்காரர்கள் மட்டுமல்ல.

பத்தாண்டு அனுபவம்

புதிய முறை வந்தபோது சம்பளம் 43,000 டாலரை ஒட்டி இறங்கியது. விலைவாசியோடு ஏறி 50,000-ஐத் தாண்டியிருந்த பழைய வரவோடு ஒப்பிட்டால் நல்ல வெட்டு. அப்புறம் மாநிலத்தின் வருமானம் ஏறியது, சம்பளமும் ஏறியது. கணக்கெடுப்புத் துறையின் 2014 எண் 42,830; 2018-இல் 49,861; 2022-இல் 59,674. இந்தக் கடைசி எண்தான் 2024-இன் சம்பளம். 2025-இல் அது 62,212 ஆனது.

இதைப் பார்த்துவிட்டு, “2007-இல் 49,500-க்குக் கொதித்தவர்கள் 2025-இல் 62,000 கொடுத்தார்களே, என்ன சாதித்தார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு பதில். 2007-இன் 49,500 டாலரை விலைவாசிப்படி 2024-க்குக் கொண்டுவந்தால் 70,000-ஐத் தாண்டும்; பழைய தீர்மானம் உயிரோடு இருந்திருந்தால் ஏறத்தாழ அந்த இடத்துக்குத்தான் வந்திருக்கும். அதைவிட முக்கியமானது, இப்போது ஒரு வாக்காளர் தன் பிரதிநிதியின் சம்பளம் என்ன என்று கேட்டால் ஒரே ஓர் எண் பதிலாக வருகிறது. அந்த எண்ணை யாரும் இரவோடிரவாக மாற்ற முடியாது. 2007-க்கு முன் அதே கேள்விக்கு ‘நாளுக்குப் பத்து டாலர்’ என்று பதில் சொன்னால் அது சட்டப்படி பொய்யில்லை.

மற்ற மாநிலங்களைப் பார்த்தால் அலபாமாவின் பழைய நோய் எவ்வளவு பரவலானது என்று தெரிகிறது. அரிசோனாவில் உறுப்பினர் சம்பளம் 24,000 டாலர். 1998-இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்டது. 2006-இல் 36,000 ஆக்கலாமா என்று கேட்டார்கள், மறுத்தார்கள். 2008-இல் 30,000 என்று இறங்கிக் கேட்டார்கள், மறுத்தார்கள். 2014-இல் 35,000, அதற்கும் மறுப்பு. ஆனால் தினப்படிக்கு மக்கள் வாக்குத் தேவையில்லை. 2021-இல் சட்டமன்றம் தலைநகர் இருக்கும் மாரிகோபா மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களின் தினப்படியை, மத்திய அரசு ஊழியர்களின் விகிதத்தோடு இணைத்துப் பெரிதாக உயர்த்தியது. தொலைவிலிருந்து வருபவருக்கு அது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் மூன்று முறை மூடிய கதவின் பக்கத்தில் ஒரு ஜன்னல் திறந்தே இருந்தது என்பது உண்மை.

டெக்சாஸ் இன்னும் விசித்திரம். மாதம் 600 டாலர் என்று 1975-இல் வாக்காளர்கள் வைத்ததுதான் இன்றும் சம்பளம். ஆண்டுக்கு 7,200. தினப்படியை 1991-இல் மக்கள் வாக்கால் உருவான நெறிமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. அதுவரை ஒழுங்குதான். ஆனால் அந்த மாநில உறுப்பினர்களின் ஓய்வூதியம் நெடுங்காலமாக 7,200-ஐ வைத்துக் கணக்கிடப்படவில்லை. மாவட்ட நீதிபதியின் அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்பட்டு வந்தது. நீதிபதிகளுக்குச் சம்பளம் உயர்த்தும் மசோதா வந்தபோதெல்லாம் வாக்களித்த உறுப்பினரின் ஓய்வூதியமும் அதில் ஒளிந்திருந்தது. சம்பளத்துக்கு மட்டும் வாக்கெடுப்பு வைத்தால் பணம் எங்கெல்லாம் போய் ஒதுங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

படியை நோக்கி இழுக்கும் இன்னொரு விசை வரிச்சட்டத்திலேயே இருக்கிறது. தலைநகரிலிருந்து 50 மைலுக்கு அப்பால் வீடு உள்ள மாநில உறுப்பினர்களுக்கு மத்திய வருமான வரிச்சட்டம் தனிச்சலுகை தருகிறது. கூட்ட நாள்களுக்கான தினப்படியில் பெரும்பகுதி வரியில்லாமல் கையில் நிற்கும். சம்பளமாக வந்த டாலரில் வரி போகும், படியாக வந்த டாலரில் போகாது. எது உயர வேண்டும் என்று அவர்களையே கேட்டால் பதில் தெரிந்ததே.

கலிஃபோர்னியா வேறு பாதையில் போனது. 1990 ஜூனில் வாக்காளர்கள் ஏழு பேர் கொண்ட ஊதிய ஆணையம் ஒன்றை உருவாக்கினார்கள். உறுப்பினர்களை ஆளுநர் நியமிப்பார், சம்பளத்தை ஆணையம் முடிவு செய்யும். மாநிலம் 2009-இல் 42 பில்லியன் டாலர் பற்றாக்குறையில் திணறியபோது, பட்ஜெட்டுக்குத் தேவைப்பட்ட கடைசி வாக்குகளில் ஒன்றைத் தருவதற்கு ஏபெல் மால்டொனாடோ என்ற மேலவை உறுப்பினர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, பற்றாக்குறை ஆண்டில் சம்பள உயர்வு கூடாது என்பது. மே 19 அன்று ஆறு கேள்விகள் மக்கள் முன் வந்தன. பட்ஜெட்டைச் சரிசெய்யும் ஐந்தும் தோற்றன. சம்பளத் தடை மட்டும் 74 சதவீதத்தோடு வென்றது.

மக்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் உறுப்பினர்கள் மொத்தம் 120 பேர். அன்றைய சம்பளம் 1,16,208 டாலர். 120 பேருக்கும் ஓராண்டுக்கு ஒரு சென்ட்கூடக் கொடுக்காமல் நிறுத்தினாலும் மிச்சமாவது ஏறத்தாழ 14 மில்லியன். பற்றாக்குறையில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் தடை வந்தது உயர்வுக்குத்தான். மக்கள் வாக்கில் சம்பளக் கேள்வி எளிதில் ஜெயிப்பதற்கோ தோற்பதற்கோ காரணம் பெரும்பாலும் பட்ஜெட் அல்ல, நம்பிக்கைக் குறைவுதான். அதே மாதம் ஆணையம் சம்பளத்தை 18 சதவீதம் வெட்டி 95,291 ஆக்கியது.

அடுத்த ஆண்டு வாக்காளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஜூன் 15-க்குள் பட்ஜெட் நிறைவேறாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் சம்பளமும் கிடையாது, பயணச் செலவும் தங்கும் செலவும் கிடையாது. பிறகு தரவும் முடியாது. 2011 ஜூனில் சட்டமன்றம் கெடுவுக்குள் ஒரு பட்ஜெட்டை நிறைவேற்றியது, ஆளுநர் ஜெர்ரி பிரவுன் மறுநாளே அதை மறுத்தார். மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் ஜான் சியாங், வரவும் செலவும் பொருந்தாத பட்ஜெட் பட்ஜெட்டே அல்ல என்று சொல்லி, நாளுக்குச் சுமார் 400 டாலர் வீதம் ஊதியத்தை நிறுத்தினார். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் புதிய பட்ஜெட் வந்துவிட்டது. ஆனால் 2012-இல் அவைத் தலைவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பட்ஜெட் சமநிலையானதா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கட்டுப்பாட்டாளருக்கு இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஒரு பிரதிநிதியின் வீட்டு வாடகையை நிறுத்திவைத்து அவரிடமிருந்து ஒரு வாக்கைப் பெறும் அதிகாரம் வேறொரு தனி அதிகாரியின் கையில் இருக்கக் கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

அலபாமா விடை சொல்லாதவை

எட்டாம் திருத்தத்தை ஆதரிக்கிறேன் என்பதற்காக அதன் குறைகளைச் சொல்லாமல் போக முடியாது.

எடுத்துக்கொண்டது குடும்ப வருமானம், தனிநபர் வருமானம் அல்ல. ஒரு குடும்பத்தில் இரண்டு பேர், மூன்று பேர் சம்பாதித்திருக்கலாம். அவர்கள் எல்லோரும் முழுநேரம் உழைத்துக் கொண்டுவந்த தொகை, ஆண்டுக்கு 30 அமர்வு நாள் உள்ள பதவிக்கு ஒருவரின் சம்பளமாகிறது. தனிநபர் வருமானத்தை வைத்திருந்தால் தொகை கணிசமாகக் குறைந்திருக்கும். திருத்தத்தை எதிர்த்தவர்களில் சிலர் சொல்லக்கூடிய வலுவான வாதம் இது. ஆனால் தொகையைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு நியூ ஹாம்ப்ஷயர் இருக்கிறது. 1889-இலிருந்து அங்கே உறுப்பினருக்கு ஆண்டுக்கு 100 டாலர். கீழவையில் மட்டும் 400 பேர். ஓய்வு பெற்றவர்களும் வேறு வருமானம் உள்ளவர்களும் அங்கே போய் உட்காரலாம். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு மளிகைக் கடையில் வேலை பார்க்கும் பெண் போக முடியாது. அவர் இல்லாத அவையில் குறைந்தபட்சக் கூலி பற்றிய விவாதம் எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பக்க வருமானம் பற்றி அந்தத் திருத்தம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. 2010 வெற்றிக்குப் பின் அவைத் தலைவரானவர் மைக் ஹப்பார்ட். அவர் தலைமையில்தான் இந்தத் திருத்தமும் மக்களிடம் போனது. 2016 ஜூனில், பதவியைத் தன் சொந்த ஆதாயத்துக்குப் பயன்படுத்தியதாக 12 குற்றச்சாட்டுகளில் அவர் தண்டிக்கப்பட்டார்; மேல்முறையீடுகளுக்குப் பின் 2020-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவற்றில் ஆறை உறுதிசெய்தது. அவர் மீதான வழக்கில் பெரிதாக அடிபட்டவை ஆலோசனை ஒப்பந்தங்கள் மூலம் வந்த பணமும் முதலீடுகளும். அரசுக் கருவூலத்திலிருந்து வரும் டாலரை வவுச்சர் வரை கண்காணிக்கும் ஒரு மாநிலத்தில், வெளியிலிருந்து வரும் டாலரை நெறிமுறைச் சட்டம் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறது. வெளி வேலை இல்லாமல் வாழ முடியாத பகுதிநேர உறுப்பினர்களுக்கு அது கத்திமேல் நடப்பதுதான்.

மூன்றாவது, அதிகம் பேசப்படாதது. உறுப்பினரின் செலவு விகிதம் மாநில ஊழியரின் விகிதத்தோடு கட்டப்பட்டிருக்கிறது அல்லவா? ஊழியரின் விகிதம் சட்டத்தால் அமைவது. அந்தச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு உண்டு. தன் படியை நேரடியாக உயர்த்த முடியாத அவை, ஊழியர்களின் படியை உயர்த்தும் மசோதாவுக்கு வாக்களிக்கும்போது தன் படியும் சேர்ந்தே உயரும். விடுதி வாடகை ஏறும் காலத்தில் ஊழியர்களின் படி உயரத்தான் வேண்டும், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருப்பதால் விகிதம் வானளாவ ஏறிவிடவும் செய்யாது. ஆனாலும் அப்படியொரு மசோதா மாண்ட்கோமரியில் வரும்போது, அதில் உறுப்பினரின் பங்கு எவ்வளவு என்று செய்தியாளர்கள் தனியாகக் கணக்குப் போட்டு எழுத வேண்டும். குரல் வாக்கெடுப்பில் விட்டுவிடாமல் பெயர்வாரியாகப் பதிவு கேட்க வேண்டும்.